நிலப் பிளவும் பூமியதிர்ச்சியும்

திருவேங்கடம் பகுதியின் கரிசல் நிலங்களில் கோடைதோறும் கை நுழையுமளவுக்கு வெடிப்புகள் தோன்றுகின்றன. ஈரம் வற்றி மண் சுருங்குவதால் உண்டாகும் இவை மழை பெய்ததும் மூடிக்கொள்ளும். இவற்றுக்கும் பூமியதிர்ச்சிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. பூமியதிர்ச்சியை விளைவிக்கும் பிளவுகள், மண்ணுக்கு அடியில், பாறைக்குள் பல கிலோமீட்டர் ஆழம் செல்பவை.

நம் நாட்டைத் தாங்கும் பாறைத் தகடு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருக்குகிறது. இந்நெருக்கம் தென்னாட்டுப் பாறைகளையும் அழுத்துகிறது. பிளவின் இருபுறப் பாறைகளும் நகர முற்படும்போது உராய்வு அவற்றைப் பற்றி நிறுத்துகிறது. வளைத்துப் பிடித்த மூங்கிலைப்போல் பாறையும் மெல்ல வளைந்து விசையைச் சேர்த்துவைக்கிறது. பிடி தளர்ந்த கணத்தில் பாறைகள் சறுக்கி நிமிர்கின்றன. அப்போது எழும் அலைகளே நிலத்தை நடுங்கச் செய்கின்றன.

1906 ஏப்ரல் 18-இல் கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பெயர்ந்தபோது, அதன் குறுக்கே நின்ற பண்ணை வேலிகள் அறுபட்டுப் பல அடி விலகி நின்றன. அதனை ஆராய்ந்தே ரீட் என்னும் அறிஞர் மேற்கூறிய விளக்கத்தை அளித்தார்.

தமிழகத்திலும் 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதி பலமாக அதிர்ந்தது. தென்காசி மாவட்டத்தின் மேற்கே அச்சன்கோவில் வழியாக மிகப் பழைய பாறைச் சிதைவுப் பட்டை ஒன்று செல்கிறது. பழைய பிளவுகள் யாவும் அதிரும் என அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் அசட்டையாக இருத்தலும் தகாது.

மகாராஷ்டிரத்தின் கில்லாரி, அபாயம் மிகக் குறைந்த மண்டலமாகவே கருதப்பட்டு வந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கு 6.2 அளவுள்ள அதிர்ச்சி ஏற்பட்டு, ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். மண்சாந்தால் கட்டிய கனத்த கற்சுவர்களும் மண்பாரம் ஏற்றிய கூரைகளும் உறங்கியவர்கள்மேல் சரிந்தமையே இதற்குப் பெருங்காரணம்.

பாறையின் அசைவைத் தடுக்க நம்மால் இயலாது. சுவரின் சரிவைத் தடுக்க இயலும். கதவு, ஜன்னல்களுக்கு மேலே நான்கு சுவர்களையும் இடைவிடாது சுற்றிவரும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை வேண்டும். கற்சுவராயின் அதன் இரு முகங்களையும் இணைக்கும் நெடுங்கற்களும், மண்சாந்துக்குப் பதிலாகச் சிமெண்டுச் சாந்தும் அவசியம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மதிப்பீடு தயாராகும்போதே இவை சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்டறிதல் கடமையாகும். சுவர் எழும்பிய பின் கேட்பதால் பயன் சிறிதே.