இராஜபாளையம் நாய்க்குட்டிக்கு முதல் பாடம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளின் மலையடிவாரத்து மாந்தோப்பு, தென்னந்தோப்புகளின் காவலுக்கு இராஜபாளையம் நாய் ஏற்றது. 2005-ஆம் ஆண்டு இதன் படத்துடன் தபால் தலையும் வெளியாயிற்று. ஆனால் இது வேட்டை நாய் இனம். ஓடுகிற பிராணியைக் கண்டால் துரத்துவது இதன் இயல்பு. மலைக்காடோ 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மானைத் துரத்திக் காட்டுக்குள் புகுந்த நாய் திரும்பாமலே போகலாம். காட்டுப்பன்றி கிழித்துவிடலாம். வனவிலங்கைக் கடித்துவிட்டால் வளர்ப்பவர் மீது வழக்கும் வரலாம். ஆகவே, கூப்பிட்டவுடன் வருவதையே முதல் பாடமாகக் கற்பிக்க வேண்டும்.

காது கேட்கிறதா?

முழு வெள்ளை நிறக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. நிறமி இல்லாமையே இதற்குக் காரணம். எனவே குட்டியை வாங்குமுன் சோதிப்பது அவசியம். மற்ற குட்டிகளிடமிருந்து அதைப் பிரித்து, தூங்கும்போது பின்புறம் நின்று தட்டில் கரண்டியால் தட்ட வேண்டும். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால், மற்றவை திரும்புவதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் திரும்பி ஏமாற்றிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இம்முறையில் கண்டறிய இயலாது.

பயிற்சி முறை

குட்டியை 8 வாரத்திற்குமுன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே பயிற்சியைத் தொடங்கலாம். தீனிக்கு முன், வெயில் ஏறாத வேளையில், ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். பெயர் சொல்லி, "வா" என்று ஒரே ஒரு முறை அழைக்க வேண்டும். வந்தவுடன் வெந்த ஈரல் துணுக்கு ஒன்றைக் கொடுத்துத் தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் தவறாமல் வரத் தொடங்கியபின், 15 அடி நீள இலேசான கயிற்றைக் கட்டி முற்றத்திலும், பிறகு ஆடு, கோழி நடமாடும் தோப்பிலும் பழக்கலாம். வராவிட்டால் கத்தாமல், கயிற்றை மெல்லப் பிடித்து அருகே அழைத்துக்கொள்ள வேண்டும்.

தீனித் துணுக்கை மூக்கின்மேல் காட்டித் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் குட்டி தானே உட்காரும். அப்போது "உட்கார்" என்று சொல்ல வேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையே பயன்படுத்த வேண்டும். இந்த இனம் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. ஆதலால் எல்லோரும் முறை வைத்துத் தீனியிட்டு அழைப்பது நல்லது.

தாமதமாக வந்த குட்டியை அடிக்கவே கூடாது. வந்ததற்காக அடிபட்டதென்றே அது எண்ணும், மறுமுறை வராது.

செவிட்டுக் குட்டியானால்

செவிட்டுக் குட்டியைக் கழித்துவிட வேண்டியதில்லை. சொல்லுக்குப் பதில் கையசைவையும், இருட்டில் டார்ச் வெளிச்சத்தையும் காட்டி இதே பாடங்களைக் கற்பிக்கலாம். வேலியில்லாத தோப்பில் அவிழ்த்துவிடுவதும் இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்துவதும் கூடாது. உறங்கும்போது திடீரெனத் தொட்டால் கடிக்கக்கூடும் என்பதைச் சிறுவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் கூறும் தவணைகளில் தொடர வேண்டும். கயிறில்லாமலே, ஓடும் ஆட்டை விட்டுவிட்டு ஒரே அழைப்பில் திரும்பும் நாயை மட்டுமே காவலுக்கு அவிழ்த்துவிடலாம்.