பல துறை, ஒரு பயணம்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை அடுத்து, திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் பல இயங்குகின்றன. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையும் அவ்வூர் வழியே செல்கின்றன.

சென்னையில் வாழும் தொழிலாளி ஒருவர் நாள்தோறும் அத்தொழிற்பேட்டைக்குச் செல்வதாகக் கொள்க. அவர் வீட்டருகே மாநகரப் பேருந்தில் ஏறிச் சென்ட்ரலில் மின்சார இரயிலுக்கு மாறுகின்றார். பேருந்தை நடத்துவது மாநில அரசின் போக்குவரத்துக் கழகம். இரயிலை நடத்துவது தென்னக இரயில்வே. சாலையில் நெரிசலை ஒழுங்கு செய்வது காவல்துறை. பேருந்து சிறிது பிந்தினும் இரயில் அவருக்காகக் காத்திராது. இரயில் தவறின் வேலைநேரம் தவறும். நாட்கூலி பெறுபவராயின் கூலியும் போகும். துறைகள் பலவாயினும் அவர் மேற்கொள்ளும் பயணம் ஒன்றேயன்றோ?

இத்தகைய இடர்களைக் குறைக்க எழுந்ததே நுண்ணறிவுப் போக்குவரத்து முறை. பேருந்திற் பொருத்திய கருவி, செயற்கைக்கோள்களின் உதவியால் தன் இருப்பிடத்தைக் கணித்துக் கட்டுப்பாட்டு நிலையத்திற்கு அறிவிக்கும். சாலைக் காமிராக்கள் நெரிசலைக் காட்டும். ஆயின், ஒரு துறை அறிந்ததை மற்றொரு துறை அறியாவிடின், அதனாற் பயணி அடையும் பயன் சிறிதே.

ஒத்துழைப்பின் பயனைச் சுங்கச்சாவடியிற் காணலாம். கும்மிடிப்பூண்டியிற் சரக்கேற்றிக் கொல்கத்தா செல்லும் லாரி, முன்னாளில் சாவடிதோறும் நின்று பணம் செலுத்தியது. இன்று அதன் முன்கண்ணாடியில் ஒட்டிய ‘பாஸ்டேக்’ வில்லையை ரேடியோ அலையாற் படித்து, கருவியே கட்டணத்தைப் பெறுகின்றது. 2021 பிப்ரவரியில் இம்முறை தேசிய நெடுஞ்சாலைகளிற் கட்டாயமாயிற்று. வில்லை வழங்கும் வங்கிகள் பல. சாவடி நடத்துவோரும் பலர். அனைவரும் ஒரே விதியை ஏற்றமையால், ஒரு வில்லையே எல்லா மாநிலங்களிலும் செல்லுகின்றது.

சிங்கப்பூர் அரசு 1995இல் நான்கு அமைப்புக்களை ஒன்றாக்கித் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்தை நிறுவியது. அதன் பொறுப்பில் 1998இல் மின்னணுச் சாலைக் கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. சென்னையிலோ, ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திற்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அக்குழுமத்தின் முதற்கூட்டம் 2022இல்தான் கூடிற்று. துறைகள் ஓரவையில் அமரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன! பின்னர், 2025 செப்டம்பரில், மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் ஆகியவற்றுக்குரிய பயணச்சீட்டைக் கைப்பேசியில் ஒருங்கே பெறும் ‘சென்னை ஒன்று’ செயலி தொடங்கப்பெற்றது.

கருவிகளை விலைகொடுத்து வாங்கலாம். ஒத்துழைப்பை வாங்குதல் இயலாது. பேருந்து பிந்தும் செய்தியும், அடுத்த இரயிலின் நேரமும் ஒருங்கே கிடைப்பின், அத்தொழிலாளி உரிய வேளையில் வேறு வழியை நாடுவார். அவர்தம் ஒரு நாட்கூலி காக்கப்படும். துறைகள் ஒன்றுபடுதலின் பெரும்பயன் அதுவே.