98 காட்டிய கிளிப்

திருத்தணியில் விசைத்தறி ஓட்டும் ஒரு பெண்மணிக்கு 98 என்ற எண்ணைக் கேட்டாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மூச்சு வாங்குகிறது என்று போன இடத்திலெல்லாம் விரலில் கிளிப்பை மாட்டினார்கள். 98 வந்தது. "ஆக்சிஜன் நல்லாத்தாம்மா இருக்கு, டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

பஞ்சுத் தூசியில் வேலை என்றதும் ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று முடிவுகட்டி இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிகூட எடுக்கவில்லை. பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், சந்தேகம் நியாயம்தான். ஆனால் விசாரணை அதோடு நின்றுபோனது. மாமியாரோ, "வேலைக்குப் பயந்த உடம்பு" என்றார்.

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் டிசம்பர் 31 அன்று மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றுவார்கள். குனிந்து நிமிர்ந்து அதைச் செய்துவந்தவர், பத்துப் படிக்குள் நெஞ்சு படபடக்க, தட்டோடு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் திருப்பதிக்கு ரயில் ஏறினார். அங்கே ஓர் இளம் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளிறிக் கிடந்தது. அடுத்து, மாதவிலக்கில் உதிரம் எவ்வளவு போகிறது என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. ஸ்கேன், எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் முடிந்தன. கர்ப்பப்பையில் கட்டி, ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை.

ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1974-இல் உருவாக்கிய முறையில் இயங்குகிறது அந்தக் கிளிப். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்பதை ஒளியை வைத்து அது சொல்லும். ஹீமோகுளோபினே எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பாதி லாரிதான் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஃபுல் லோடு! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியிருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தரவில்லையே என்பதுதான் அவருடைய ஆற்றாமை.

அவர் சொல்லும் யோசனைகள் கறாரானவை. கிளிப்பை மட்டும் பார்த்து அனுப்பினால் எழுந்து வராதீர்கள், ரத்தம், எக்கோ, ஸ்பைரோமெட்ரி மூன்றையும் கேளுங்கள். மாதவிலக்கைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. சென்னைக்கு அலையாமல் திருப்பதிக்குப் போங்கள். தெலுங்கு தெரியாதவர்கள் அங்கே என்ன செய்வார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் விட்டுவிட்ட ஒன்றும் உண்டு: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.

இன்ஹேலர் எழுதிய கிளினிக்குக்கு ரிப்போர்ட்டுகளின் ஜெராக்ஸை எடுத்துப் போகத் தயாராக வைத்திருக்கிறார். சண்டை வேண்டாம் என்கிறார் கணவர். "சண்டைக்கா போறேன்? அந்த டாக்டரும் படிச்சுப் பார்க்கட்டுமே" என்கிறார் இவர்.