காரே வாசஸ்தலமாகும்போது

கேள்வி: அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து சியாட்டில் நகரில் கிரீன் கார்டு பெற்று வசிக்கிறேன். ஒரு கிடங்கில் வேலை. வாடகை கட்டுப்படியாகாததால் குத்தகை முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு, சில மாதங்களாக என் பழைய காரிலேயே இரவைக் கழித்து, படுக்கை போட வசதியான ஒரு வேன் வாங்கப் பணம் சேர்த்து வருகிறேன். சென்ற வாரம், 72 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வண்டி இழுத்துச் செல்லப்படும் என்று கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் செய்வது குற்றமா? போலீசார் காரைச் சோதனை போடலாமா? கார் பறிபோனால் என்ன வழி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் வண்டியை வேறொரு தெருவுக்கு ஓட்டிச் சென்றுவிட்டு, பிறகு இந்தப் பதிலை வாசியுங்கள். சியாட்டில் நகரத் தெருக்களில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் எந்த வாகனமும் நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. அதில் யாரேனும் வசிக்கிறாரா இல்லையா என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. இரண்டாவது நோட்டீசுக்கு இடம் கொடாமல், நாள் குறித்து வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தி வருவது தங்கள் நித்திய கடமைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

நகரத் தெருவில் சட்டப்படி நிறுத்தப்பட்ட காருக்குள் ஒருவர் உறங்குவது என்ற அந்த ஒரு செயல் தங்கள் நகரத்தில் குற்றமாகாது. ஆனால் அந்தத் தைரியத்தை நகர எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்ல வேண்டாம். ஆரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிற்றூர் பொது இடங்களில் முகாமிடுவதைத் தடுத்து அபராதம் விதித்த விவகாரத்தில், 2024 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறு பக்கமுமாகப் பிரிந்து, அத்தகைய தடை கொடூரமான தண்டனை ஆகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. போக இடமில்லாதவன் உறங்கியதற்காக அவனைத் தண்டிப்பது நியாயமாகுமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு அளித்த விடை என் மனத்துக்குச் சம்மதமில்லை. ஆயினும் இன்று சட்டம் அதுதான். ஆகையால் அக்கம்பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் உள்ள விதியை விசாரித்து அறிந்த பின்னரே அங்கே இரவு தங்க வேண்டும்.

கார் பறிபோனால் என்ன என்ற தங்கள் கேள்விக்கு, தங்கள் நகரத்திலேயே நிகழ்ந்த ஒரு வழக்கைச் சற்று விரிவாகவே சொல்வது அவசியம். ஸ்டீவன் லாங் என்பவர் தம் தொழிற்கருவிகளையும் வைத்துக்கொண்டு ஒரு பழைய பிக்கப் டிரக்கில் வசித்து வந்தார். சில்லறை வேலைகள் செய்து, வாடகைக்கு ஓர் அறை பிடிக்கப் பணம் சேர்க்க முயன்றுகொண்டிருந்தவர். நகரத்துக்குச் சொந்தமான ஓர் இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நின்றதற்காக 2016 அக்டோபரில், அவர் வேலைக்குப் போயிருந்த வேளையில், டிரக்கை இழுத்துச் சென்றுவிட்டார்கள். மீட்பதற்கான செலவு குறைக்கப்பட்ட பிறகும் 547 டாலரானது; அதை மாதம் 50 டாலராகக் கட்ட வேண்டுமென்று நிர்ணயிக்கப்பட்டது. அவர் விடாமல் வழக்காடினார். 2021 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான முடிவுகளைச் சொல்லிற்று. ஒருவர் உண்மையாகவே குடியிருக்கும் வாகனம், எந்த விண்ணப்பமும் பதிவும் இல்லாமலே, கடனுக்காக ஜப்தி செய்வதிலிருந்து வீட்டுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பைப் பெறும் என்பது ஒன்று. அவருடைய பொருளாதார நிலையைப் பார்க்கையில் அந்தத் தவணைத் தொகை, அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம் தடுக்கும் மிதமிஞ்சிய அபராதமே என்பது மற்றொன்று.

இந்தத் தீர்ப்பைத் தங்கள் நண்பர்கள் மிகைப்படுத்திச் சொல்லக்கூடும். வசிக்கும் வண்டியை இழுத்துச் செல்லவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நகரம் அந்தக் கடனை வசூலிக்க இன்னும் முயலாததால் ஜப்திப் பாதுகாப்பு அந்த வழக்கில் பிரயோகத்துக்கே வரவில்லை. ஆகவே, கார் பிடிபட்டால் செய்ய வேண்டியது இது: விசாரணை கோரும் மனுவைப் பத்து நாள் கெடுவுக்குள் கொடுத்து, அந்தக் காரே தங்கள் வாசஸ்தலம் என்பதையும், சம்பளம் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்பதையும் சம்பளச் சீட்டு முதலிய ஆதாரங்களோடு முதல் நாளிலேயே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்களுக்கு நார்த்வெஸ்ட் ஜஸ்டிஸ் புராஜெக்ட் என்னும் சட்ட உதவி நிறுவனம் அந்த மாநிலத்தில் இருக்கிறது.

கெடு என்றவுடன் விலாசத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். தங்கள் கடிதத்தில் தாங்கள் கேட்காமல் விட்ட இந்த விஷயத்தையே நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன். இழுத்துச் சென்ற வண்டியைப் பற்றிய நோட்டீஸ், பதிவுப் புத்தகத்திலுள்ள விலாசத்துக்குத் தபாலில் போகிறது. அதை அனுப்பி 15 நாட்களுக்குள் உரியவர் வராவிட்டால் வண்டியை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேருமானால், தங்களுக்குள்ள உரிமைகள் அத்தனையும் தங்களுக்குத் தெரியாமலே காலாவதியாகிவிடும். ஆகவே நம்பிக்கையான ஒரு நண்பரின் சம்மதத்தோடு அவர் வீட்டைத் தபால் விலாசமாக வைத்துக்கொண்டு, வாகன உரிம இலாகாவுக்குப் பத்து நாட்களுக்குள் தெரிவித்துவிடுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்ற முறையில், வசிப்பிடம் மாறியதைக் குடியேற்ற இலாகாவுக்கும் ஏ.ஆர்.-11 என்ற படிவத்தின் மூலம் அதே பத்து நாட்களுக்குள் அறிவிக்கத் தாங்கள் கடமைப்பட்டவர், தவறுவது தண்டனைக்குரியது. சில மாதங்கள் கடந்துவிட்டபடியால் இனியும் தாமதிக்க வேண்டாம். அந்தப் படிவத்தில் வசிப்பிடம் வேறு, தபால் விலாசம் வேறு என்று தனித்தனியே கேட்கப்படும். நண்பர் வீட்டில் வசிப்பதாகப் பொய் எழுதி, இல்லாத ஒரு குற்றத்தைத் தாமே சிருஷ்டித்துக்கொள்ளக் கூடாது. வசிப்பிடத்தை எப்படிக் குறிப்பது என்பதைக் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

சோதனை விஷயத்தில் தங்கள் மாநிலம் தங்களுக்கு அனுகூலமானது. ஓடத் தயாராகப் பொது இடத்தில் நிற்கும் வாகனத்தை, அது வீடு போன்ற வசதிகள் உள்ளதாயினும், தக்க முகாந்திரமிருந்தால் வாரண்டு இன்றியே சோதிக்கலாம் என்று 1985-இல் கார்னி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆனால் வாஷிங்டன் மாநில அரசியல் சாசனத்தின் முதல் பகுதி ஏழாவது பிரிவு அதைக் காட்டிலும் பலமான பாதுகாப்பை அளிப்பதால், அந்த மாநில நீதிமன்றங்கள் அந்த விலக்கை ஏற்கவில்லை. தாங்களே சம்மதித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும் என்பதை மறவாதீர்கள். “சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, எதிர்ப்புக் காட்டாமல் நிற்பதே சரியானது.

மது அருந்திய இரவில் காருக்குள் படுக்கவே படுக்காதீர்கள். ஓட்டாவிட்டாலும், போதையுடன் வாகனத்தைத் தன் வசத்தில் வைத்திருப்பதே அங்கே குற்றம். சாலையை விட்டுப் பத்திரமாக வண்டியை முன்பே ஒதுக்கிவிட்டேன் என்பது ஓர் எதிர்வாதமாகுமாயினும், அதை நிரூபிக்கும் பாரம் தங்களைச் சேரும்.

இரவு தங்க இடம் வேண்டுமானால் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் உண்டு; அங்கே 24 மணி நேரத்தில் எட்டு மணி நேரம்தான் அனுமதி. சில தேவாலயங்கள் தங்கள் வளாகத்தில் வாகனவாசிகளுக்கு இடம் தருகின்றன. கிர்க்லண்டிலுள்ள லேக் வாஷிங்டன் யுனைடெட் மெதடிஸ்ட் தேவாலயம் அவற்றில் ஒன்று.

இனி வேன். சியாட்டிலில் 80 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள லாரி முதலிய வாகனங்களை, தொழிற்பேட்டைப் பகுதிகள் தவிர மற்றத் தெருக்களில் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை நிறுத்தக் கூடாது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்று ஆசை காட்டும் உயரமான வேன்களில் சில இந்த அளவுக்குச் சற்றே உட்பட்டவை, சில மீறியவை. ஆகையால் பணம் கொடுக்குமுன் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். அதன் பேரில் கடன் ஏதும் பாக்கியில்லை என்பதை உரிமைப் பத்திரத்தில் பார்த்து, வாங்கிய 15 நாட்களுக்குள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வண்டியிலேயே வசிக்கப் போவதை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பழைய காரை விற்றதும் ஐந்து வேலை நாட்களுக்குள் விற்பனை அறிக்கையை உரிம இலாகாவில் தாக்கல் செய்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால், வாங்கியவர் அதை எங்கேனும் கைவிட்டுப் போனாலும், இழுத்துச் சென்ற செலவு தங்கள் பெயருக்கே வந்து சேரும்.