நாய்க்குட்டி விலை 28,000. 13 வருஷ பில் 8 லட்சம்: அபார்ட்மென்ட்டுக்கு எந்தச் சின்ன நாய் கட்டுப்படியாகும்?

போன மாசம் கப்பலூர் சிட்கோவுல வேலை பார்க்கிற ஒரு தம்பி வருமான வரி ரிட்டர்ன் போட வந்தார். ஃபார்ம் 16-ஐ நீட்டுறதுக்கு முன்னாடி போனை நீட்டினார். அதுல ஒரு ஷிட்ஸு குட்டி. விலை 28,000. கிரெடிட் கார்டுல 12 மாச இஎம்ஐ போட்டா மாசம் சுமார் 2,500 வருது. "சார், கட்டிடலாம்ல?"

கையில வர்ற சம்பளம் 38,000. திருநகர் பக்கம் அபார்ட்மென்ட்ல மூணாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடி. கூட இருந்த ரூம்மேட்டுக்கு கல்யாணம் ஆகி போயிட்டார். "ஷிப்ட் முடிஞ்சு கதவைத் திறந்தா வீடு வெறிச்சுன்னு இருக்கு சார்" என்றார். இந்தக் காரணத்தைக் கேட்டு சிரிக்கிற ஆள் நான் இல்லை. ஆனா கணக்குப் போடாம அனுப்புற ஆளும் இல்லை. அன்னைக்கு ஒரு பேப்பர்ல போட்ட கணக்கைத்தான் இங்கே விரிவா எழுதுறேன். நாய் வாங்கணும்னு மனசுல வெச்சிருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

குட்டி விலை சின்ன எண்

சின்ன இன நாய்கள் நல்லா வளர்த்தா 12 முதல் 15 வருஷம் வாழும். நடுவுல 13-னு வெச்சுக்குவோம். இப்போ உங்க வயசு 26-னா, அந்த நாய்க்கு வயசாகும்போது உங்களுக்கு 39. நடுவுல கல்யாணம், குழந்தை, ஹோம் லோன், ஊர் மாற்றம் எல்லாம் வரும். ஒரு கார் லோன்கூட ஏழு வருஷத்துல முடிஞ்சிடும். அதனால "குட்டி எவ்வளவு?" என்பது முதல் கேள்வி கிடையாது. "மாசம் எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு?" என்பதுதான் கேள்வி.

தம்பிக்காக ரெண்டு நாய்க்குத் தனித்தனியா கணக்குப் போட்டேன். ஒண்ணு அவர் கேட்ட ஷிட்ஸு. இன்னொண்ணு நம்ம ஊர்ல எல்லாரும் 'பொமேரியன்'னு கூப்பிடுற, ஆனா உண்மையில இந்தியன் ஸ்பிட்ஸ் ஆன அந்த வெள்ளை நாய். இதெல்லாம் என் மதிப்பீடு, உங்க ஏரியாவுல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

ஸ்பிட்ஸுக்கு: வீட்டுச் சாப்பாடும் கொஞ்சம் பாக்கெட் தீவனமும் சேர்த்து 1,500. உண்ணி மருந்து, பூச்சி மருந்து 400. வருஷத் தடுப்பூசியை மாசமாப் பிரிச்சா 250. ஷாம்பு, சீப்பு வகையறா 200. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போற இடத்துக்கான செலவு, மாசக் கணக்கில் 330. மருத்துவத்துக்குத் தனியா ஒதுக்குறது 1,000. மொத்தம் 3,680.

ஷிட்ஸுக்கு: சாப்பாடு 1,800. உண்ணி மருந்து, தடுப்பூசி, விட்டுட்டுப் போற செலவு, மருத்துவ ஒதுக்கீடு நாலும் அதே தொகைதான். ஷாம்பு, சீப்புக்குப் பதிலா முடி வெட்டுறதுக்கு 1,200, ஏன்னா அதோட முடி நிக்காம வளரும், விட்டா சிக்குப் பிடிச்சு தோல் புண்ணாகும். இதோட இன்னொரு 560 ரூபாய் இருக்கு, அது என்னன்னு அடுத்த பத்தியில சொல்றேன். மொத்தம் 5,540.

ரெண்டுக்கும் வித்தியாசம் மாசம் 1,860. 13 வருஷத்துக்குப் பெருக்கினா சுமார் 2,90,000. ஸ்பிட்ஸோட மொத்தச் செலவு ஏறக்குறைய 5.7 லட்சம், ஷிட்ஸு 8.6 லட்சம். விலைவாசி ஏற்றத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பேப்பரைத் திருப்பிக் காட்டினதும் தம்பி போனை மேஜை மேல கவிழ்த்து வெச்சிட்டார்.

அந்த 560 ரூபாய்: ஏசி பில்

நமக்கு வேர்க்கும். நாய்க்கு அப்படி உடம்பு முழுக்க வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கும். பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு தட்டையான இனங்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். எவ்வளவு வேகமா மூச்சு வாங்கினாலும் சூடு சரியா வெளியே போகாது. மதுரையில கோடையில 40 டிகிரியைத் தாண்டுது. கப்பலூர், திருமங்கலம் பக்கம் வெட்டவெளி, மொட்டை மாடிக்குக் கீழ் வீடுன்னா மதியம் ரெண்டு மணிக்கு ஃபேன் காத்தே அனல். அந்த வீட்ல பூட்டி வெச்ச பக் ஒண்ணு சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது. மிகைப்படுத்தலைங்க, வெப்ப மயக்கம் வந்தா சில மணி நேரத்துல போயிடும்.

2003-ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு பையன் பின்னாடியே ஓடின பக் ஞாபகம் இருக்கா? உங்கள்ல பல பேருக்கு அப்போ விவரம் தெரியாத வயசு. அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க பக் மோகம் வந்தது. விளம்பரத்துல கரண்ட் பில் யாரும் காட்டலை.

நான் காட்டுறேன். நீங்க வேலைக்குப் போற எட்டு மணி நேரம், மாசம் 26 நாள், ஒரு டன் ஏசி மணிக்கு சுமார் 0.8 யூனிட். மாசத்துக்கு 165 யூனிட், ரெண்டு மாச ரீடிங்ல 330. உங்க வழக்கமான ரீடிங் 250 யூனிட்னா, அது 580 ஆகுது. தமிழ்நாட்டு மின் கட்டணத்துல 500 யூனிட்தான் முக்கியமான கோடு. அதைத் தாண்டினா மேல இருக்கிற யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழ இருக்கிற ஸ்லாபுக்குக் கிடைச்ச சலுகையும் போயிடும். சுமார் 500 ரூபாய் வந்த பில் 2,700 பக்கம் வந்து நிக்கும். கோடையை ஒட்டின மூணு பில்லுக்கு இப்படி வந்தா வருஷத்துக்கு 6,700, மாசத்துக்குப் பிரிச்சா அந்த 560. வீட்டு ஓனர் தனி மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குற வீடுன்னா இன்னும் மோசம். கரண்ட் போனா என்ன பண்றதுங்கிறது தனிக் கேள்வி, அதுக்கு ரூபாய்ல பதில் இல்லை.

அப்போ எதைத்தான் வாங்குறது?

"நம்ம ஊரு ராஜபாளையம் இருக்கே சார்?" இதை மதுரைக்காரங்க கேட்காம இருந்ததில்லை. பெருமைப்பட வேண்டிய நாய்தான், 2005-ல தபால்துறை அதுக்கு ஸ்டாம்பே போட்டது. ஆனா அது ஓடி வேட்டையாடப் பிறந்த பெரிய நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுற இனங்கள், கோம்பை காவலுக்கும் வேட்டைக்கும். தோட்டம், வயல் இருந்தா தாராளமா வளருங்க. 700 சதுர அடியில அடைச்சு வெச்சா நாய்க்கும் தண்டனை, சோபாவுக்கும் தண்டனை.

டேஷண்ட், அதாங்க நீளமா குட்டைக் காலோட இருக்குமே, அதுக்கு முதுகுத் தண்டுல வட்டு நழுவுற பிரச்சனை அதிகம். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்குத் தினமும் நாலு தடவை ஏறி இறங்க வைக்கிறது, நாமளே காசு குடுத்து வைத்தியச் செலவை வாங்குற மாதிரி. பீகிள் பார்க்க அழகு. ஆனா மோப்பம் பிடிச்சு நாள் முழுக்கச் சுத்தப் பிறந்தது, தனியா விட்டா ஊளையிடும். ரெண்டாவது வாரமே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

என் ஓட்டு ஸ்பிட்ஸுக்கு. அடர்த்தியான முடி இருந்தாலும் பல தலைமுறையா நம்ம ஊர்லேயே வளர்ந்து பழகினது, மூக்கு நீளம், சின்ன வகை ஆறேழு கிலோவுக்குள்ள நிக்கும், எளிய சாப்பாடு போதும். குறை ஒண்ணுதான்: காலிங் பெல் அடிச்சா, பக்கத்து வீட்ல காலிங் பெல் அடிச்சாலும், குலைக்கும். பழக்கணும். இதுக்குச் சமமா நான் சொல்ற இன்னொண்ணு தெருவுல பிறந்த நாட்டு நாய்க்குட்டி. சின்னதுன்னு சொல்ல முடியாது, நடுத்தரமா வளரும். ஆனா குட்டி முடி, நீள மூக்கு, இந்த வெயிலுக்குன்னே பிறந்த உடம்பு, விலை பூஜ்ஜியம். காலையும் மாலையும் நல்லா நடக்க வைக்க முடியும்னா ரெண்டு பெட்ரூம் வீடு அதுக்குத் தாராளம்.

ஷிப்ட் வேலைக்காரங்களுக்கு ஒரு விஷயம். ரெண்டு மாசக் குட்டியைப் பத்து மணி நேரம் தனியா விட முடியாது. அதுக்கு நாலு வேளை சாப்பாடு, ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை வெளியே போகணும். நீங்க தனி ஆள்னா குட்டி எடுக்கவே எடுக்காதீங்க. ஒண்ணரை, ரெண்டு வயசான, வீட்டுப் பழக்கம் வந்த நாயைத் தத்தெடுங்க. வெளிநாடு போறவங்க, ஊர் மாறுறவங்க நிறைய பேர் நல்ல வீடு தேடிக்கிட்டு இருக்காங்க. முதல் வருஷத் தடுப்பூசிச் செலவும் மிச்சம்.

வாங்கினா எப்படி வாங்கணும்

2017-ல வந்த நாய் இனப்பெருக்க விதிகள்படி, வளர்த்து விக்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழ் கேளுங்க, தாய் நாயை நேர்ல பாருங்க. "முன்பணம் 5,000 போடுங்க, குட்டி வண்டியில வந்துடும்"னு சொன்னா போனை வெச்சிடுங்க. முன்பணத்துக்கு அப்புறம் 'வண்டி வாடகை', 'இன்சூரன்ஸ்', 'கூண்டுக் கட்டணம்'னு ஒவ்வொண்ணா வரும், குட்டி வராது. நம்ம தம்பிகிட்ட கேட்டதும் இதே மாதிரிதான். ஏற்கனவே பணம் போட்டுட்டீங்கன்னா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

கேன்னல் கிளப் ஆஃப் இந்தியா பேப்பர் இருந்தா விலை கூடும். அது 1896-ல தொடங்கி இப்போ சென்னையில இருந்து இயங்குற அமைப்பு. போட்டிக்கு அழைச்சிட்டுப் போகப் போறதில்லைன்னா அந்தப் பேப்பருக்கு நீங்க காசு குடுக்கத் தேவையில்லை.

அபார்ட்மென்ட் சங்கம் "நாய் கூடாது"ன்னு தீர்மானம் போட்டிருக்கா? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கு: பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை பண்ண முடியாது, லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னும் சொல்ல முடியாது. ஆனா வாடகை வீட்ல உங்களுக்கும் ஓனருக்கும் உள்ளது ஒப்பந்தம். நாய் பற்றி அதுல ஒரு வரி எழுதி வாங்கிட்டு அப்புறம் நாயைக் கூட்டிட்டு வாங்க. பாதியில வீடு மாறினா அட்வான்ஸ், லாரி வாடகை எல்லாம் சேர்ந்து நாயோட விலையைவிடக் கூட வந்துடும்.

உங்க நாய் யாரையாவது கடிச்சா அது வெறும் மன்னிப்போட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவுல, கவனக்குறைவுக்கு ஆறு மாசம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் அல்லது ரெண்டும். நஷ்டஈடு தனி. நாய் இன்சூரன்ஸ் எடுக்கும்போது மூன்றாம் நபர் பொறுப்பு அதுல இருக்கான்னு பாருங்க. பொதுத்துறையில நியூ இந்தியா அஷ்யூரன்ஸ்கிட்ட நாய் பாலிசி இருக்கு, தனியார்லயும் இருக்கு. எந்த நோய்க்குக் கிடையாதுங்கிற பட்டியலை முதல்ல படிங்க, பிரீமியத்தை அப்புறம் பாருங்க.

வரி பத்தி கேட்பீங்க, ஒரே பத்தியில முடிச்சிடுறேன். நாய்க்குக் கட்டுற பிரீமியத்துக்கு மருத்துவக் காப்பீட்டுக் கழிவு கிடையாது. சட்டத்துல 'குடும்பம்'னா கணவன் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்த பிள்ளைகள் அவ்வளவுதான், பெற்றோருக்குத் தனியா உண்டு. பாக்கெட் நாய் உணவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கால்நடை கிளினிக்ல பார்க்கிற வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லுல போட்டிருந்தா கேளுங்க. சாதாரணத் தடுப்பூசிக்கு தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கும்போது எல்லாத்துக்கும் தனியாருக்கு ஓட வேண்டியதில்லை.

தம்பிக்குக் கொடுத்த வேலை

என் சொந்த அளவுகோல்: நாய்ச் செலவு கைக்கு வர்ற சம்பளத்துல 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 38,000-க்கு ஸ்பிட்ஸ் 9.7 சதவீதம், ஷிட்ஸு 14.6. இதோட 25,000 ரூபாய் உடனே எடுக்கிற மாதிரி தனியா இருக்கணும். உண்ணிக் காய்ச்சலோ பார்வோவோ வந்து நாலு நாள் டிரிப் ஏத்தினா 10,000, 15,000 சாதாரணமா போகும். அந்த நேரத்துல கிரெடிட் கார்டைத் தேய்க்கக் கூடாது. காசில்லாம வைத்தியம் பார்க்க முடியாத நாய்கள் எங்கே போய்ச் சேருதுன்னு ரிங் ரோட்ல வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரியும்.

அதனால நாய் வர்றதுக்கு முன்னாடியே நாய்ச் செலவை ஆரம்பிக்கச் சொன்னேன். மாசம் 4,200 ரூபாய்க்கு ஒரு ஆர்டி, ஆறு மாசம். 25,000 சேர்ந்துடும், மாசாமாசம் அந்தப் பணம் இல்லாம வாழ முடியுதான்னும் தெரிஞ்சிடும். கூடவே, காலையில அஞ்சரைக்கு எழுந்து அரை மணி நேரம் சும்மா நடக்கணும். நைட் ஷிப்ட் வாரத்துலயும்.

ரெண்டாவது தவணை போட்டுட்டு மெசேஜ் அனுப்பினார். கீழ் வீட்டுப் பாட்டி, பகல்ல நாயைப் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்களாம். பசுமலையில ஒரு குடும்பம் வேலை மாற்றம் ஆகிப் போறாங்க, மூணு வயசு ஸ்பிட்ஸ் ஒண்ணு இருக்காம். அவங்க கிளம்ப இன்னும் நாலு மாசம் இருக்கு. ஞாயித்துக்கிழமை போய் அதோட நடந்துட்டு வர்றாராம்.