கிணற்றுக்கு ஆரம்ப இருப்பு எழுதினீர்களா?

வீடு சேக்காட்டில். சின்ன வயதில் எங்கள் ஏரிக்குக் கீழேயே நெல் நட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ஆவடி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வளர்ந்ததில் வயலெல்லாம் மனையாகிவிட்டது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுப் பணத்தில் திருவள்ளூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயத்தில் இறங்கினேன்.

மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு வயல் தள்ளி ஒரு முலாம் பூசும் பட்டறை வந்தது. அடுத்த கோடையில் கீரை நுனி கருகியது, வாய்க்கால் ஓரம் வெள்ளையாகப் பூத்தது. மனு எழுதிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "முன்னாடி தண்ணி எப்படி இருந்துச்சு சார்? ரிப்போர்ட் இருக்கா?"

இல்லை. ஆரம்ப இருப்பு இல்லாமல் ஒரு பேரேட்டைக்கூடத் திறக்காதவன், என் கிணற்றுக்கு அதை எழுதவில்லை. பட்டறையால்தான் கெட்டதா, கோடையில் நீர்மட்டம் இறங்கி உப்பு ஏறியதா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருக்கே என்றது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாழ் என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு ஒன்று. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கு இன்னொன்று. யாரோ ஊர் ஊராகப் போய்க் கிணறு எண்ணியிருக்கிறார்கள்! அதனால்தான் வழக்கு நின்றது.

ஆகவே பக்கத்தில் கல் நடும்போதே தண்ணீர் எடுத்துவிடுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்துவரை பிடித்து மூடுங்கள். சர்வே எண், தேதி, நேரம், நீர்மட்டம் எல்லாம் ஒட்டுங்கள். அன்றோ மறுநாளோ ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மின்கடத்துதிறன், கார அமில நிலை, சோடியம், குளோரைடு பாருங்கள். கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் பாசனத்துக்குக் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் உப்பு தாங்கும் பயிராகத் தேட வேண்டியதுதான். முலாம் பட்டறை, தோல் தொழிற்சாலை என்றால் குரோமியமும் பாருங்கள். கன உலோகத்துக்குத் தனிப் பாட்டில், அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

ஒரு கிணறு போதாது. இதுதான் நான் தாமதமாகக் கற்றது. பட்டறைக்கு மேட்டுப் பக்கம் ஒன்று, பள்ளத்துப் பக்கம் ஒன்று, இரண்டிலும் எடுங்கள். கோடை உப்பு என்றால் இரண்டிலும் ஏறும். பள்ளத்தில் மட்டும் ஏறினால் கேள்வி கேட்க வலு இருக்கும். தையில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை.

பெரிய திட்டங்களுக்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம். சின்னப் பட்டறைக்கு யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை நகலை, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். சிவப்பு வகையா, ஆரஞ்சா, கழிவுநீர் எவ்வளவு, அதை எங்கே விட அனுமதி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆய்வறிக்கை நகலை வாரியத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்ன புகார், ரசீது வாங்காமல் கட்டிய பணம் மாதிரி.

போன மாதம் எங்கள் கிழக்குப் பக்கம் இன்னொரு நிலத்தை அளந்துவிட்டுப் போனார்கள். என்ன வரப்போகிறதென்று தெரியாது. ஐந்து கிணற்றில் பாட்டில் பிடித்தாயிற்று.