நான்கு நிலையங்கள், மூன்றே ஜோடிகள்: சத்தமில்லாமல் வரும் நிரல் பிழை

பைத்தான் நிரலில் ஒரு சொல்லைத் தவறாகத் தட்டினால் உடனே பிழைச் செய்தி வரும். எந்த வரியில் தவறு என்று பார்த்துத் திருத்திவிடலாம். சில தவறுகளுக்கோ எந்தச் செய்தியும் வராது. நிரல் ஓடி முடியும், விடை மட்டும் தவறாக இருக்கும். நாமே எழுதும் ‘இட்டரேட்டர்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கிழக்கு மேற்கு ரயில் பாதையின் முதல் நான்கு நிலையங்களை எடுத்துக்கொள்வோம்: பாசிர் ரிஸ், தெம்பனிஸ், சீமெய், தானா மேரா. இவற்றை வைத்து ‘ரயில்பாதை’ என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். அதில் இரண்டு செயற்கூறுகள் உண்டு. ‘நெக்ஸ்ட்’ என்பது கேட்கும்போதெல்லாம் ஒரு நிலையத்தைத் தந்து, உள்ளே இருக்கும் எண்ணியில் ஒன்றைக் கூட்டும். நிலையங்கள் தீர்ந்ததும் ‘ஸ்டாப் இட்டரேஷன்’ என்று அறிவிக்கும். ‘இட்டர்’ என்பது தன்னையே திருப்பித் தரும்.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை: ‘ஃபார்’ வளையத்தில் ஓட்டினால் 4 பெயர்களும் வரும். அதே பொருளை மறுபடி ஓட்டினால் ஒரு பெயரும் வராது. எண்ணி கடைசியிலேயே நிற்கிறது.

இரண்டாம் சோதனை: புதிய பொருளை உருவாக்கி, ‘சீமெய் இதில் உள்ளதா?’ என்று ‘இன்’ கொண்டு கேளுங்கள். ‘ஆம்’ என்று விடை வரும். அதன்பின் வளையத்தை ஓட்டினால் தானா மேரா மட்டுமே வரும். சீமெய்யைத் தேடிய போதே முதல் மூன்று பெயர்களும் செலவாகிவிட்டன.

மூன்றாம் சோதனை: புறப்படும் நிலையம், சேரும் நிலையம் என்று ஜோடி சேர்க்க, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் எழுதுங்கள். 4 × 4 = 16 ஜோடிகள் வரவேண்டும். வருவதோ 3. வெளி வளையம் பாசிர் ரிஸை எடுக்கிறது; உள் வளையம் மீதி மூன்றையும் எடுத்துவிடுகிறது. வெளி வளையம் அடுத்ததைக் கேட்கும்போது எதுவும் மிச்சமில்லை.

ஏன் இப்படி?

பட்டியலைப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்டரேட்டர் என்பது படித்த இடத்தைக் காட்டச் செருகும் அடையாள அட்டை. ‘ஃபார்’ வளையம் தொடங்கும்போது ‘இட்டர்’ மூலம் ஓர் அட்டையைக் கேட்கும். பட்டியல் ஒவ்வொரு முறையும் புது அட்டை தரும். நம் கிளாஸோ ஒரே அட்டையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. இரண்டு பேர் ஒரே அட்டையை வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைப் படித்தால் குழப்பம்தானே? 2001இல் வெளிவந்த பைத்தான் 2.2 பதிப்பிலிருந்தே ‘ஃபார்’ இப்படித்தான் வேலை செய்கிறது.

‘இட்டர்’ அழைக்கப்படும்போது எண்ணியைச் சுழியமாக்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். இரண்டாம் முறை ஓட்டுவது சரியாகிவிடும். ஆனால் ஜோடிகள் 4 மட்டுமே வரும், நான்கும் பாசிர் ரிஸிலிருந்து புறப்படுபவை. அட்டை இன்னும் ஒன்றுதான்.

சரியான வழி, வேலையைப் பிரிப்பது. ‘ரயில்பாதை’ நிலையங்களை மட்டும் வைத்திருக்கட்டும். அதன் ‘இட்டர்’, தனி எண்ணியுள்ள ‘பயணம்’ என்ற புதுப் பொருளை ஒவ்வொரு முறையும் உருவாக்கித் தரட்டும். ‘இட்டர்’ செயற்கூறுக்குள் ‘யீல்ட்’ பயன்படுத்தினாலும் பைத்தான் அதையே செய்துகொடுக்கும். இப்போது 16 ஜோடிகளும் வரும்.

பள்ளி ஆய்வில் கவனம்

சிஎஸ்வி கோப்பிலிருந்து மழை அளவுகளைப் படிக்கும் ரீடரும் ஓர் இட்டரேட்டர்தான். முதல் வளையத்தில் சராசரியைக் கணக்கிட்டு, இரண்டாம் வளையத்தில் சராசரியை மிஞ்சிய நாட்களை எண்ணினால் விடை 0 என்று வரும். அது உண்மையாக இருக்க முடியுமா? எல்லா நாளும் ஒரே அளவு மழை பெய்தாலொழிய, சராசரியை மிஞ்சிய நாள் ஒன்றாவது இருந்தே தீரும். இப்படிக் கேள்வி கேட்டால்தான் சத்தமில்லாத பிழை பிடிபடும். தரவை முதலில் பட்டியலாக மாற்றிக்கொண்டால் சிக்கல் தீரும். பைத்தான் 3இல் ‘மேப்’, ‘ஸிப்’, ‘ஃபில்டர்’ ஆகியவையும் ஒருமுறைதான் ஓடும்.

செய்து பாருங்கள்

ஐந்தாவது நிலையமாக பிடோக்கைச் சேருங்கள். முதலில் எழுதிய கிளாஸ், எண்ணியைச் சுழியமாக்கும் கிளாஸ், வேலையைப் பிரித்த கிளாஸ் ஆகிய மூன்றும் எத்தனை ஜோடிகள் தரும்? முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு நிரலை ஓட்டுங்கள்.

விடை: 4, 5, 25.